பழைய உதிரி, அசல் சரக்கு: ஒர்க்ஸ்டேஷன் கேள்வி–பதில்

பெங்களூரு நிறுவனங்கள் மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டர்களை மொத்தமாக மாற்றிவிடுகின்றன. கழித்த சரக்கு அங்கேயே உள்ள எஸ்.பி. ரோடு கடைகளுக்கு வந்து, அங்கிருந்து 44-ஆம் எண் நெடுஞ்சாலை வழியே ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று இறங்குகிறது. நன்றாகத் தேர்ந்தெடுத்தால் புதிய கம்ப்யூட்டரின் பாதி விலைக்குள் உறுதியான ஒர்க்ஸ்டேஷன் (கனமான வேலைக்கான கம்ப்யூட்டர்) ஒன்றைச் சேர்த்துவிடலாம். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே. 'ஒரிஜினல்' என்று இங்கே சொல்வது ஒன்றைத்தான்: ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே உள்ளேயும் இருக்க வேண்டும்.

கேள்வி: திருமண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். 14 கோர் ஜியான் ப்ராசஸர், 64 ஜிபி ராம் உள்ள பழைய டெல் ஒர்க்ஸ்டேஷன் நல்ல விலைக்கு வருகிறது. சோனி கேமராவில் 4கே எடுக்கிறேன். இப்போதுள்ள சிஸ்டத்தில் டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது. அதை வாங்கலாமா?
வாசகர், தருமபுரி

உங்கள் வேலைக்கு அது வேண்டாம். நீங்கள் சொல்வது ஜியான் இ5-2680 வி4 ஆக இருக்கும்: 14 கோர், 28 த்ரெட், அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ். நல்ல ப்ராசஸர்தான். ஆனால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. அதனால் வீடியோவை வன்பொருளிலேயே விரிக்கும் இன்டெல்லின் 'குவிக் சிங்க்' வசதியும் கிடையாது. டைம்லைன் திக்குவது கோர் போதாமல் அல்ல. கேமரா சுருக்கித் தரும் வீடியோவை நொடிக்கு நொடி விரிக்க வன்பொருள் உதவி இல்லாமல்தான்.

முதலில் 'மீடியாஇன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் உங்கள் கிளிப் ஒன்றைத் திறந்து பாருங்கள். 8 பிட், 4:2:0 என்று காட்டினால் 8-ஆம் தலைமுறை ஐ5, ஐ7 போதும். எச்.265, 10 பிட், 4:2:2 என்று காட்டினால் டெஸ்க்டாப்பில் 11-ஆம் தலைமுறை இன்டெல்லோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அதற்கு முந்தையவற்றின் உள் கிராபிக்ஸ் அந்த வகையை விரிக்காது. எச்.264, 10 பிட், 4:2:2 என்று காட்டினால் இந்தப் பழைய இன்டெல் எதுவும் கைகொடுக்காது. சோனியில் 'எக்ஸ்ஏவிசி எஸ்' என்ற வகையில் 4:2:2 எடுத்தால் வருவது இதுதான். கேமராவிலேயே 'எக்ஸ்ஏவிசி எச்எஸ்' வகைக்கு மாற்றுங்கள், அது எச்.265. மாற்ற முடியாத பழைய ஃபுட்டேஜுக்கு ப்ராக்ஸி (எளிதாக ஓடும் சிறிய பிரதி) செய்து எடிட் செய்வது ஒன்றே வழி.

உங்களுக்கு ஏற்ற கூட்டு இது. ஐ5-11400 அல்லது ஐ7-11700. பெயரின் கடைசியில் 'எஃப்' எழுத்து இருந்தால் உள் கிராபிக்ஸ் இல்லை, அதை எடுக்க வேண்டாம். பி560 மதர்போர்டு. பி460, எச்410 போர்டுகளில் சாக்கெட் ஒன்றுபோலவே இருந்தாலும் 11-ஆம் தலைமுறை பெரும்பாலும் ஓடாது. கடைக்காரர் "ரெண்டும் 1200 சாக்கெட்தான் சார்" என்று சொன்னாலும் நம்பாதீர்கள். ராம் 16 ஜிபி இரண்டு. என்விஎம்இ எஸ்எஸ்டி 1 டிபி, இதைப் புதிதாகவே வாங்குங்கள். முழுப் பெட்டியாக வேண்டுமென்றால் டெல் ஆப்டிபிளெக்ஸ் 7090 டவர், எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி8 ஆகியவற்றைத் தேடலாம். 7090-இல் 10-ஆம் தலைமுறையும் உண்டு, ப்ராசஸர் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

அந்த 14 கோர் பெட்டி பிளெண்டரில் சிபியூ ரெண்டர் செய்பவருக்கும், ட்ரோன் சர்வே படங்களைத் தைத்து வரைபடம் ஆக்குபவருக்கும் மிக நல்ல பெட்டி. அப்படி யாராவது நண்பர் இருந்தால் அவருக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: ஓசூரில் டூல் டிசைன் செய்கிறோம். சாலிட்வொர்க்ஸில் 300, 400 பாகங்கள் உள்ள அசெம்ப்ளி. கோர் அதிகம் முக்கியமா, கிராபிக்ஸ் கார்டா?
வாசகர், ஓசூர்

வேகம் முக்கியம். மாடலை மறுபடி கட்டும் வேலை பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும். ஆகவே 2.4 கிகாஹெர்ட்ஸில் 14 கோரைவிட 3.6 கிகாஹெர்ட்ஸில் 6 கோர் உள்ள இ5-1650 வி4 உங்களுக்கு மேல். அதைவிட ஜியான் டபிள்யூ-2135 மேல்: 6 கோர், 3.7 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 4.5. எச்பி இசட்4 ஜி4, டெல் பிரிசிஷன் 5820 பெட்டிகளில் வரும். விண்டோஸ் 11 ஆதரவும் இதற்கு உண்டு. சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில் மட்டுமே ஓடுவதால் உங்களுக்கு இது பெரிய விஷயம்.

கார்டைப் பொறுத்தவரை கேமிங் கார்டு வேண்டாம், குவாட்ரோ வரிசை எடுங்கள். சாலிட்வொர்க்ஸுக்குச் சான்று பெற்ற டிரைவர் அதற்குத்தான். சந்தையில் அதிகம் கிடைப்பது குவாட்ரோ பி2000: 5 ஜிபி, 75 வாட், தனி பவர் கேபிள் வேண்டாம். ஆனால் அது பாஸ்கல் தலைமுறை. அந்தத் தலைமுறைக்கு என்விடியாவின் 580 வரிசை டிரைவரோடு புதிய வசதிகள் முடிந்துவிட்டன. விலை வித்தியாசம் தாங்குமென்றால் டி1000-இன் 8 ஜிபி வகையை எடுங்கள், 50 வாட்டில் ஓடும். அதன் பின்பக்கம் இருப்பது மினி டிஸ்ப்ளேபோர்ட்; கேபிளையும் சேர்த்துக் கேட்டு வாங்கவில்லை என்றால் அன்று மாலை மானிட்டர் போட முடியாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

கேள்வி: எச்பி இசட்440 வாங்கினேன், 8 ஜிபி நான்கு ராம் இருந்தது. வீட்டு டெஸ்க்டாப்பில் இருந்த 16 ஜிபி டிடிஆர்4 இரண்டைக் கூடுதலாகப் போட்டதும் டிஸ்ப்ளே வரவில்லை. பவர் பட்டன் சிவப்பாக 5 முறை மின்னுகிறது, 5 பீப் வருகிறது. போர்டு போய்விட்டதா?
மாணவர், பர்கூர்

போர்டு நன்றாகவே இருக்கிறது. அந்தப் பெட்டியில் 5 சிவப்பு, 5 பீப் என்றால் ராம் கோளாறு. 6 என்றால் கிராபிக்ஸ். நீங்கள் போட்ட இரண்டையும் எடுத்துவிட்டால் பழையபடி எழுந்துவிடும்.

டிடிஆர்4 என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் ராமில் முக்கியமாக மூன்று சாதி உண்டு. ஸ்டிக்கரில் 'பிசி4-2400டி' என்ற எழுத்துக்கு அடுத்து ஒரு கோடு, அதன் பின் வரும் ஆங்கில எழுத்தைப் பாருங்கள். 'யு' என்றால் சாதாரண டெஸ்க்டாப் ராம். 'இ' என்றால் இசிசி (பிழை திருத்தும் வசதி) உண்டு, ரிஜிஸ்டர் (சமிக்ஞையைத் தாங்கிக் கொடுக்கும் தனிச் சில்லு) கிடையாது. 'ஆர்' என்றால் ரிஜிஸ்டர்டு இசிசி, சர்வர் ராம். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் பலகையையே பாருங்கள். சாதாரண ராமில் கருப்புச் சில்லுகள் ஒரு பக்கத்துக்கு எட்டு. இசிசியில் ஒன்பதாவது ஒன்று இருக்கும். நட்ட நடுவில் வேறு அளவில் ஒரு சில்லு தனியாக உட்கார்ந்திருந்தால் அதுதான் ரிஜிஸ்டர்.

இசட்440, டெல் டி5810 போன்ற இ5 பெட்டிகளுக்கு 'ஆர்' வகை. எச்பி இசட்240, டெல் டி3620 போன்ற சிறு பெட்டிகளுக்கு 'யு' அல்லது 'இ'. சாதாரண ஐ5, ஐ7 போர்டில் 'ஆர்' ராம் ஓடவே ஓடாது. சர்வர் ராம் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதான்: போடக்கூடிய பெட்டிகள் குறைவு. பல மாணவர்கள் இதில் பணத்தை இழக்கிறார்கள். வாங்கும் முன் இந்த ஒரு எழுத்தைப் பார்த்தால் போதும்.

இன்னொன்று. இ5 ப்ராசஸருக்கு நான்கு மெமரி சேனல்கள். 32 ஜிபி வேண்டுமென்றால் 8 ஜிபி நான்கு போடுங்கள், 32 ஜிபி ஒன்றைப் போட்டால் ராமின் வேகம் கால்பங்குதான் கிடைக்கும். எந்தத் துளையில் எதை முதலில் போடுவது என்பது பக்கவாட்டுக் கதவின் உட்புறம் படமாக ஒட்டப்பட்டிருக்கும். 2400 ராம் வாங்கிவிட்டு 2133 என்று காட்டுகிறதே என்று பதற வேண்டாம். ப்ராசஸர் வி3 என்றால் அதன் உச்சமே 2133.

கேள்வி: எஸ்.பி. ரோட்டுக்கு நேரில் போய் ஒர்க்ஸ்டேஷன் வாங்கப் போகிறேன். என்ன எடுத்துப் போக வேண்டும், எதைப் பார்க்க வேண்டும்?
வாசகர், அரூர்

இரண்டு பென் டிரைவ். ஒன்றில் ராமைச் சோதிக்கும் 'மெம்டெஸ்ட்86+', பூட் ஆகும்படி. மற்றொன்றில் பாகங்களைச் சோதிக்கும் மென்பொருள்களான சிபியூ-இசட், ஜிபியூ-இசட், எச்டபிள்யூஇன்ஃபோ, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, ஓசிசிடி ஆகியவற்றின் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லாத பிரதிகள். செல்போன் டார்ச். ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர். காலையில் போங்கள், ஒரு பெட்டிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தைக் கொடுக்க மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

பவர் போடும் முன் பக்கவாட்டுக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். உப்பிய கெபாசிட்டர், தண்ணீர் பட்ட வெள்ளைப் படலம், துரு, அறுத்து ஒட்டிய ஒயர் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பவர் போட்டதும் விண்டோஸுக்குப் போகாமல் அதற்கு முன் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குப் போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அதைக் கடைக்காரர் உங்கள் கண்ணெதிரே நீக்கித்தர வேண்டும். "வீட்டில் போய் ஜம்பர் கழற்றினால் போய்விடும்" என்பார்கள். எல்லா மாடலிலும் போகாது. டெல் என்றால் பயாஸில் தெரியும் ஏழு எழுத்துச் சர்வீஸ் டேக் எண்ணும் வெளியே ஒட்டிய எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அந்த எண்ணை டெல் இணையதளத்தில் போட்டால், பெட்டி தொழிற்சாலையை விட்டுக் கிளம்பியபோது எந்தப் பாகங்களோடு கிளம்பியது என்ற பட்டியலே வந்துவிடும். இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. எச்பியின் பழைய இசட்420-ஐ எடுக்கிறீர்கள் என்றால் அதே திரையில் 'பூட் பிளாக்' தேதியையும் பாருங்கள்: 2011 என்றால் இ5 வி2 ப்ராசஸர் ஓடாது, 2013 என்றால் ஓடும். பயாஸ் அப்டேட் செய்து இதை மாற்ற முடியாது.

அடுத்தது, அதிகம் பேர் கவனிக்காத சோதனை. எல்லா ராம் துளையிலும் ராம் போடச் சொல்லி, பயாஸ் எத்தனை ஜிபி காட்டுகிறது என்று கூட்டிப் பாருங்கள். 8 ஜிபி எட்டு போட்டு 48 மட்டும் காட்டினால் இரண்டு துளைகள் தெரியவில்லை. ராமை இடம் மாற்றிப் போட்டும் அதே துளைகள் தெரியாவிட்டால் பழுது ராமில் இல்லை. எல்ஜிஏ சாக்கெட்டில் மெல்லிய பின்கள் போர்டிலேயே இருக்கின்றன. ராமின் பாதை அந்தப் பின்கள் வழியாகத்தான் ப்ராசஸருக்குப் போகிறது. ஒரு பின் மடங்கினால் ஒரு சேனல் முழுதும் காணாமல் போகும். ப்ராசஸரைக் கழற்றி டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நேராக நிற்கும் பின்கள் ஒரே வரிசையில் மின்னும். மடங்கியது மட்டும் இருட்டாகவோ வேறு பக்கம் மின்னியோ காட்டிக்கொடுக்கும்.

கழற்றிய கையோடு ப்ராசஸரின் தலையில் உள்ள எழுத்தையும் படியுங்கள். இந்த வயது இன்டெல் ப்ராசஸரில் 'எஸ்ஆர்' என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறியீடு இருக்கும். அதற்குப் பதில் 'இன்டெல் கான்ஃபிடன்ஷியல்' என்றும் 'க்யூ'வில் தொடங்கும் குறியீடும் இருந்தால் அது சோதனைக்காகச் செய்த மாதிரி, விற்பனைச் சரக்கு அல்ல. சில போர்டுகளில் ஓடும், பயாஸ் மாறினால் படுத்துக்கொள்ளும். வேண்டாம்.

பிறகு மெம்டெஸ்ட் ஒரு சுற்றாவது ஓடட்டும். முழுச் சோதனையை வீட்டில் ஓர் இரவு ஓட்டிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் வேண்டாம். அதன்பின் ஓசிசிடியில் சிபியூ சோதனை 20 நிமிடம். வெப்பத்தைப் பார்க்கும்போது ஓர் ஊர்க் கணக்குப் போடுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் உங்கள் ஊர் பெங்களூரைவிட நாலைந்து டிகிரி கூடுதல், கடைக்குள் ஏசி வேறு. அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ கிட்டத்தட்ட அத்தனை டிகிரி ப்ராசஸரும் ஏறும். கடையில் 70-ஐ ஒட்டி நின்றால் வீட்டில் கவலையில்லை. கடையிலேயே 85 என்றால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அல்லது விசிறி ஓய்ந்திருக்கிறது. பேஸ்ட் சின்னச் செலவுதான், அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

பில்லில் சீரியல் எண்ணையும், எத்தனை நாள் டெஸ்டிங் வாரண்டி என்பதையும் எழுதி வாங்குங்கள். பஸ்ஸில் கொண்டுவருவதென்றால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகச் சுற்றிக்கொள்ளுங்கள்; டவரை நிற்கவைக்காமல், மதர்போர்டு கீழே வரும்படி படுக்கவைத்துக் கொண்டுவாருங்கள். நிறுத்திக் கொண்டுவந்தால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் கூலரின் எடை போர்டைப் பிடித்து இழுக்கும்.

கேள்வி: ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி கார்டு மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. கேம் திறந்ததும் திரை கோடு கோடாகிறது. விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ மூன்றும் இருக்கின்றன.
வாசகர், காவேரிப்பட்டணம்

விஜிஏ துளை இருக்கிறது என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. பாஸ்கல் தலைமுறையிலிருந்து என்விடியா அனலாக் வெளியீட்டை எடுத்துவிட்டது. உங்களிடம் இருப்பது ஜிடிஎக்ஸ் 550 டிஐ அல்லது ஜிடிஎஸ் 450 போன்ற பழைய சில்லாக இருக்க வேண்டும். பயாஸை மாற்றிப் புதுப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஜிபியூ-இசட் திறந்து பாருங்கள், இத்தகைய கார்டின் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்றே காட்டும். அந்தத் திரையைப் படம் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பில் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை போகலாம்.

கேள்வி: 4 டிபி எண்டர்பிரைஸ் ஹார்ட் டிஸ்க், '12 மணி நேரமே ஓடியது' என்று விற்கிறார்கள். தயாரித்த வருடம் 2019. நம்பலாமா?
வாசகர், பாலக்கோடு

நம்ப வேண்டாம். சர்வரில் இருந்த டிஸ்க் ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம் ஓடும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்ததே வருடத்துக்கு 2,000 தாண்டும். இத்தனை வருடம் கழித்து 12 மணி நேரம் என்றால் கணக்கை யாரோ அழித்திருக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் இப்படி அழித்த சீகேட் டிஸ்க்குகள் ஐரோப்பாவில் புதியவை என்றே விற்கப்பட்டு அம்பலமாயின. சீகேட்டில் 'ஃபார்ம்' என்ற இன்னொரு பதிவேடு உள்ளே இருக்கிறது. 'ஸ்மார்ட்மான்டூல்ஸ்' என்ற மென்பொருளின் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் அதைப் படிக்கலாம். இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும்.

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ பார்க்கும்போது ஒரு சிக்கல். வலது ஓரத்து எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும். '61ஏ8' என்று இருந்தால் சின்ன எண் என்று தோன்றும். அது 25,000 மணி நேரம். மெனுவில் 'ரா வேல்யூஸ்' என்பதைப் பத்தடிமானத்துக்கு மாற்றிவிட்டுப் படியுங்கள். 05, சி5, சி6 (பழுதான இடங்களின் கணக்கு) மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5-இல் ஒன்று இருந்தாலும் வேண்டாம். சி7 கூடியிருந்தால் பெரும்பாலும் கேபிள் கோளாறு, டிஸ்க்கை ஒதுக்கத் தேவையில்லை.

எங்கள் கருத்து: ப்ராசஸரும் ராமும் பழசாக வாங்க மிகப் பாதுகாப்பானவை, அவற்றில் தேய்வதற்கு ஒன்றுமில்லை. போர்டும் கார்டும் சோதித்து வாங்க வேண்டியவை. வேலை ஃபைல்கள் இருக்கப்போகும் டிஸ்க்கை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

கேள்வி: சூப்பர்மைக்ரோ எக்ஸ்10 போர்டு, இ5-1650 வி3, கழற்றி மாட்டும் கேபிள் உள்ள பழைய எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) வாங்கி நானே அசெம்பிள் செய்தேன். எஸ்எம்பிஎஸ்ஸோடு கேபிள் வரவில்லை என்று வேறொன்றின் கேபிளைப் போட்டேன். ஆன் செய்ததும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கருகல் வாசனை. என்ன தவறு?
வாசகர், ஊத்தங்கரை

கேபிள்தான். கேபிளின் டிஸ்க் பக்கம் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கம் அப்படி அல்ல. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறும். பொருந்தி உட்காரும், ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வரும். பழைய எஸ்எம்பிஎஸ் வாங்கினால் அதன் சொந்தக் கேபிள்களோடு வாங்க வேண்டும். இல்லையென்றால் அதே மாடலுக்கு என்று குறிப்பிட்டு விற்கும் கேபிள். மாட்டும் முன் மல்டிமீட்டரில் ஒவ்வொரு முனையையும் அளந்துவிடுங்கள்.

டிஸ்க்கில் முக்கியமான ஃபைல் இருந்தால் மறுபடி பவர் கொடுக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்கின் பச்சைப் பலகையில் மிகை மின்னழுத்தம் வந்தால் தன்னைத்தானே ஷார்ட் செய்துகொண்டு மற்றதைக் காக்கும் டயோடு உண்டு. கருகியது அதுவாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அப்படியென்றால் தட்டுகளுக்குள் இருக்கும் தகவலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தகவல் மீட்கும் இடத்தில் கொடுத்தால் எடுத்துவிடலாம். அதே மாடலின் வேறு பலகையை நீங்களே மாற்றிப் போடுவது உதவாது, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவுக் குறிப்புகள் அதன் பலகையிலேயே பதிந்திருக்கின்றன.

மறுபடி கோர்க்கும்போது கேபினட்டுக்குள் நேராகப் போகாதீர்கள். போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து ப்ராசஸர், கூலர், ஒரே ஒரு ராம், கார்டு மட்டும் போட்டு டிஸ்ப்ளே வரவழையுங்கள். கூலர் வாங்கும் முன் சாக்கெட்டைச் சுற்றி நான்கு திருகுகளின் இடைவெளியை ஸ்கேலால் அளங்கள்: 80-க்கு 80 மி.மீ. என்றால் சதுர வகை, 56-க்கு 94 என்றால் குறுகிய வகை. 2011-3 என்று ஒரே பெயரில் இரண்டும் வரும், ஒன்றின் கூலர் மற்றதில் உட்காராது. இந்த ப்ராசஸரின் தலை அகலமானது. பட்டாணி அளவு பேஸ்ட் ஓரங்களுக்குப் போகாது, பெருக்கல் குறி போல இரண்டு கோடு போடுங்கள். கேபினட்டில் மாட்டும்போது போர்டின் துளை இல்லாத இடத்தில் பித்தளை ஸ்டாண்ட்-ஆஃப் ஏதாவது நிற்கிறதா என்று பார்த்துக் கழற்றிவிடுங்கள். அது போர்டின் அடியில் இடித்தால் ஷார்ட். 8 முனை சிபியூ கேபிளையும் 8 முனை கிராபிக்ஸ் கேபிளையும் மாற்றிச் செருக முயல வேண்டாம், நுழையாமல் அடம்பிடித்தால் அது வேறு கேபிள்.

டெல், எச்பி போர்டை மட்டும் தனியாக வாங்கிச் சாதாரண கேபினட்டில் போட நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பவர் முனை, விசிறி முனை, முன்பக்க பட்டன் முனை எல்லாமே அவர்களுடைய தனி அமைப்பு. முழுப் பெட்டியாக வாங்குவதே லாபம்.

கேள்வி: எங்கள் கிரானைட் பாலிஷிங் யூனிட் ஆபீஸில் பழைய ஒர்க்ஸ்டேஷன் இருக்கிறது. கேபினட்டைத் தொட்டால் லேசாகச் ஷாக் அடிக்கிறது. கரண்ட் போனால் 600 விஏ யுபிஎஸ் இருந்தும் அணைந்துவிடுகிறது.
வாசகர், கிருஷ்ணகிரி

முதல் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை, எர்த்தில். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை எர்த்துக்கு அனுப்பும் சிறு கெபாசிட்டர்கள் உண்டு. எர்த் இணைப்பு இல்லாவிட்டால் மின் அழுத்தத்தில் கிட்டத்தட்ட பாதி கேபினட் தகட்டிலேயே தங்கிவிடும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்று மட்டும் தெரிகிறது. ஆனால் அதே தகட்டில் யுஎஸ்பி முனையும் மானிட்டர் கேபிளும் இருக்கின்றன, நாளாவட்டத்தில் அவை கெடும். எலக்ட்ரீஷியனை விட்டு பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் ஒயர் அறுந்திருந்தாலும் சில சமயம் குறைவாகக் காட்டும், ஆகவே பேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் அளந்து 230-ஐ ஒட்டி வருகிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் பக்கம் பாறை நிலம், கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். குழியை ஆழப்படுத்திக் கரியும் உப்பும் மாற்றி, வெயில் காலத்தில் வாரம் ஒருமுறை தண்ணீர் விடுங்கள்.

யுபிஎஸ் விஷயம் கணக்கு. 140 வாட் ப்ராசஸர், 75 வாட் கார்டு, மற்றவை 50 என்றால் 265. எஸ்எம்பிஎஸ் இழப்பைச் சேர்த்தால் 295, மானிட்டருக்கு 30. மொத்தம் 325 வாட். 600 விஏ யுபிஎஸ் பொதுவாகத் தருவது 360 வாட்; பேட்டரி கொஞ்சம் பழசானாலும் தாங்காது. 1 கேவிஏ, 600 வாட் போடுங்கள். ஒர்க்ஸ்டேஷன் எஸ்எம்பிஎஸ்கள் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்னோட்டத்தைச் சீராக இழுக்கும்) வகை. சதுர அலை தரும் மலிவான யுபிஎஸ்ஸுக்கு மாறும் கணத்தில் சில அணைந்துவிடும். சைன் அலை என்று கேட்டு வாங்குங்கள்.

கிரானைட் தூசிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளோயர். அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

கேள்வி: விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டதே, இ5 வி4 பெட்டியை இன்னும் வாங்கலாமா?
வாசகர், பென்னாகரம்

2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. வி3, வி4 இரண்டும் விண்டோஸ் 11-இன் பட்டியலில் இல்லை. சுற்றுவழியில் ஏற்றலாம், ஆனால் அடுத்த பெரிய அப்டேட் இறங்கும் என்ற உறுதி இல்லை. பிளெண்டர், புரோகிராமிங், வர்ச்சுவல் மெஷின் என்றால் உபுண்டு 24.04 போட்டு 2029 வரை நிம்மதியாக ஓட்டலாம். டேலி, ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் என்றால் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது, இல்லையென்றால் ஜியான் டபிள்யூ. விற்பவர் "விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன்" என்று சொன்னால், முதலில் ப்ராசஸர் பெயரை எழுதித் தரச் சொல்லி மைக்ரோசாஃப்ட் பட்டியலில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.